கடைசித் தண்ணீர்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட சத்தம். உப்புப் பாத்தியில், விரல் ஆழத் தண்ணீருக்கு அடியில், மரப்பலகை உப்பை வாரும் சத்தம். நீளமாக ஓர் இழுப்பு. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கிறீச். பிறகு தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பும் ஓசை. மறுபடி இழுப்பு.

"வெள்ளைப் பாத்தி" என்ற படம் அந்தச் சத்தத்தோடுதான் முடியும். மகள் பஸ் ஏறிப் போகிறாள். பஸ் புள்ளியாகி மறைகிறது. தாய் உப்பளத்துக்குத் திரும்புகிறாள். திரை இருண்ட பின்னும் பலகைச் சத்தம் மட்டும் ஒரு நிமிடம் கேட்கும். மகள் திரும்பி வந்தாளா என்று படம் சொல்லாது.

வைத்தியலிங்கம் எடுத்த ஒரே படம் அது. பதினொரு நாள் ஓடியது. நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

அதில் நடித்தவர்கள் நடிகர்கள் அல்லர். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் கூலி வேலை செய்த பேச்சித்தாயும், அவள் மகள் சந்தனமாரியும், தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். உதவி இயக்குநராக இருந்தவன் குணாளன். காட்சிக்குக் காட்சி உடையும் வளையலும் காயமும் மாறிவிடாமல் நோட்டில் குறித்து வைத்தவள் நான்.

குணாளனுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஏழு படம் எடுத்துவிட்டான். ஆனாலும் எந்த மேடையிலும் அவனை "வைத்தியலிங்கத்தின் சீடர்" என்றுதான் அழைத்தார்கள். எட்டாவதாக அவன் எடுத்தது "வெள்ளைப் பாத்தி இரண்டு". அதில் மகள் திரும்பி வருகிறாள்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு அவன் வைத்தியலிங்கம் சாரிடம் வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"எல்லாரும் ஒப்பிடத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்."

"என்ன வார்த்தை?"

"எது மேல்னு."

"என்னுதுன்னு சொன்னா?"

"சாகற வரைக்கும் உங்க கிளாப் பலகையைத் தூக்கினவனாவே இருந்துட்டுப் போறேன்."

"உன்னுதுன்னு சொன்னா?"

குணாளனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு படத்தையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வா. ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டணும்" என்றார் சார்.

பேச்சித்தாயின் வீடு உப்பளத்தை ஒட்டி, கல்நார்க் கூரையோடு இருந்தது. அவளுக்கு எழுபத்தைந்து இருக்கும். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

"யாரு, குணாளன் தம்பியா?" என்று கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள். "யாத்தே, ஒண்ணுங்காணுமே! அப்பம் கோரை மாதிரில்லா முடி கெடந்துச்சு. உப்புக்காத்து தின்னுட்டா?"

"மெட்ராஸ் தண்ணிம்மா."

"அப்ப எங்க உப்புத்தண்ணியே தேவலைன்னு சொல்லும்."

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

குணாளன் லேப்டாப்பைத் திறந்தான். முதலில் பழைய படம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். தன் குரல் வந்தபோது வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடினாள். மகளின் குரல் வந்தபோது முந்தானையை எடுத்துவிட்டு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். கடைசிச் சத்தம் வந்தது.

"என் பலகைதான் இது. நுனி உடைஞ்சு கெடந்துச்சு. அதாங் கிறீச்சுங்கு."

அடுத்து குணாளனின் படம். தாயாக ஒரு பெரிய நடிகை. தொடக்கத்தில் பலகைச் சத்தம் வந்ததுமே பேச்சித்தாய் தலையைத் திருப்பினாள்.

"யாரு வாருதா?"

"ஸ்டுடியோவுல எடுத்தோம்மா. உப்பைக் கொட்டி, நல்ல மைக் வச்சு."

"காஞ்ச உப்புல்லா அது."

"சத்தம் தெளிவா வரணும்னு..."

"காய விடப்பிடாதுய்யா. பாத்தில கடைசித் தண்ணி கெடக்கும்போதே வாரி வரப்புல ஏத்திரணும். தண்ணி பூராத்தையும் வத்த விட்டா உப்பு கசந்துபோகும். அதை எவளும் வாங்கமாட்டா."

குணாளன் சாரைப் பார்த்தான். சார் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. கடைசிக் காட்சி வந்தது. பஸ் நிற்கிற சத்தம். வயலின்கள். ஒரு பெண்குரல் அழுதுகொண்டே சொன்னது: "அம்மா, ஒன் சந்தனமாரி வந்துட்டேம்மா."

பேச்சித்தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு அந்தப் பிள்ளை?"

"நடிகைம்மா."

"எம்புள்ள பேரச் சொல்லுதா."

"கதைல மக திரும்பி வந்துடறா."

"நீருதான் எழுதினீரா?"

"ஆமா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"சினிமாவுல சேரணும்னு சார் வீட்டுக்குத்தான் மெட்ராசுக்குப் போனா. படம் பிடிச்ச அதே பஸ்ஸுலதான் ஏறினா. சாருக்கு அப்பவே காயிதம் போட்டுக் கேட்டேன். இங்க வரலைன்னு பதில் வந்துச்சு."

அந்தப் பதிலை எழுதியவள் நான். சார் சொன்னதை எழுதினேன்.

"கொஞ்ச வருசம் தெனமும் பஸ்ஸுக்குப் போயி நிப்பேன். கண்ணு மங்கினபெறவு விட்டுட்டேன். வரமாட்டான்னு மனசும் அடங்கிட்டு." அவள் முகம் குணாளன் பக்கம் திரும்பியது. "நீரு வந்துட்டான்னு எழுதியிருக்கீரு. வந்துட்டான்னு எழுதணும்னா எங்கயிருந்து வந்தான்னு தெரியணும்லா? எங்க இருக்கா?"

"அம்மா, இது வெறும் கதை..."

"மொதப் படத்துல நடந்ததுதான நடந்துச்சு? அவ ஏறினா. ஏறினவ போனா. இதுல வாரான்னா, ஒண்ணுந்தெரியாமலா போடுவீக? எந்தப் பஸ்ஸுல வந்தா?"

குணாளன் லேப்டாப்பை மூடினான். கடைசியில், "அஞ்சு மணி பஸ்ல" என்றான். "படத்துல" என்று சேர்த்துக்கொண்டான்.

"அஞ்சு மணி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் பேச்சித்தாய்.

எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

கார் உப்பள மேட்டில் நின்றிருந்தது. குணாளன் கதவைத் திறக்காமல் நின்றான்.

"எனக்குப் புத்தி சொல்ல அந்த அம்மாதான் கிடைச்சாங்களா சார்? அவங்க மனசு அடங்கிக் கிடந்திருக்கு. இப்ப என்ன ஆகும்?"

"தப்புதான். எப்பவும் அவளை வச்சுத்தான் நமக்கு வேலை நடந்திருக்கு."

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

சார் செருப்பிலிருந்த உப்பைத் தட்டினார்.

"எடிட்டிங் நடந்த வீடு ஞாபகம் இருக்கா, கோடம்பாக்கத்துல?"

"இருக்கு."

"பஸ் ஷாட்டை வெட்டிட்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினாங்க. நீ போய்ப் பார்த்துட்டு வந்தே. என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லை சார்."

"'உப்பளத்துப் பொண்ணு வந்திருக்கு'ன்னே. அந்த ஷாட்டுல அவ முதுகு இன்னும் எத்தனை நொடி இருக்கணும்னு நான் பார்த்துட்டிருந்தேன். 'அப்புறமா வரச் சொல்லு'ன்னேன்."

நான் சாரையே பார்த்தேன். அன்று நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். 'இங்கே வரவில்லை' என்ற அந்தக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

காற்றில் உப்பு மேடுகளின் ஓலைமூடி படபடத்தது. குணாளன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அவ 'சரிண்ணே'ன்னா சார். சிரிச்சா. கையில மஞ்சப்பை இருந்துச்சு. சரிண்ணேன்னுட்டு இறங்கிப் போனா."

"ம்."

"எது மேல் சார்?" அவன் குரல் ஏறக்குறைய கேட்கவே இல்லை.

"என் படத்துல அவ போறா. உன் படத்துல அவ வர்றா. வாசல்ல வந்து நின்னாளே, அது ரெண்டுலயும் இல்லை."

என்னிடம் அந்தப் பழைய நோட்டு இன்னும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: "சந்தனமாரி. பச்சைத் தாவணி. வலக்கையில் நான்கு வளையல். இடக் குதிகாலில் உப்பு அறுத்த புண், துணிக்கட்டு. பஸ் புறப்பட்டது. முடிந்தது."

குணாளனின் படம் அறிவித்த தேதியில் வெளியானது. கடைசிக் காட்சி அப்படியே இருந்தது. குணாளனுக்கு அதற்காக ஒரு விருதும் கிடைத்தது.

பேச்சித்தாய் அதன் பிறகு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தாள். சுவரையும் வேலியையும் தொட்டுத் தொட்டு நடந்து, ஐந்து மணி பஸ்ஸுக்கு ஒரு நாள் தவறாமல் போய் நின்றாள்.