கருவண்டு மூங்கிலுக்குள் தேடியது

அந்தக் காலத்தில் குரல் உள்ளவை எல்லாம் பேசின. பகல் முழுக்கப் பேசிக் களைத்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கரை வெட்டவெளியில் கூடிப் பாடவும் செய்தன. குயில் மேலே ஏறிப் பாடும். கிளிகள் நடுவில் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கீழே, மண்ணை ஒட்டி, தாழ்ந்த நாதம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடிநாதம் என்றார்கள். குயில் எத்தனை உயரம் போனாலும் இறங்கிவந்து கால் வைக்க அது ஒன்றுதான் தரை.

அந்தத் தரையைப் போட்டவை மூன்று. கருவண்டு, செம்போத்து, தவளை. மூன்றும் நரம்புக் கருவி வாசித்தன. பாட்டு முடிந்ததும் கூட்டம் குயிலைச் சூழ்ந்துகொள்ளும். அடிநாதக்காரர்கள் மூன்றும் கருவியைத் துடைத்தபடி ஓரமாக நிற்கும்.

"நாம வாசிக்கிறது யாருக்கும் கேக்காது. நிறுத்தினாத்தான் கேக்கும்" என்று தவளை சொல்லும். அந்த ஒரு விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே கருத்து.

மற்ற எதிலும் இல்லை. கருவண்டின் கருவி வைரம் பாய்ந்த பலாக்கட்டை. கூரிய பல்லால் தானே குடைந்தது. ஐந்து நரம்பு, ஐந்தும் புதிது. இறக்கையின் ஓரத்தால் மீட்டும். தவளை வைத்திருந்தது சுரைக்குடுவை. மீட்டுவது என்பதே அதற்குக் கிடையாது. உள்ளங்கையால் நரம்பை அறையும்.

"அஞ்சு நரம்பு எதுக்குக்கா? குயிலுக்குப் போட்டியாவா?" என்று தவளை சீண்டும்.

"ஆறு கால் இருக்கு, அஞ்சு நரம்பு வெச்சிருக்கேன். உனக்கென்ன வலிக்குது? நீ வாசிக்கிறது வாத்தியமா, துணி துவைக்கிறதா?"

"துவைச்சாலும் லேசான கல்லுல துவைக்கிறேன். அந்தப் பலாக்கட்டையைத் தூக்கித் தூக்கி உன் முதுகு வளைஞ்சுபோச்சு, பாரு."

செம்போத்து இந்தப் பேச்சில் சேராது. அதன் கருவி ஒரு பழைய மூங்கில் துண்டு. மேலே ஒரே நரம்பு. அந்த நரம்பை அது மாற்றி யாரும் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஏறி, பழைய கயிறு போல இருந்தது. மூங்கிலின் நடுவில் காட்டுக்கொடியை இறுக்கிச் சுற்றியிருந்தது. அதைச் செம்போத்து யாரையும் தொட விட்டதில்லை. வாசித்து முடித்ததும் புதருக்குள் கொண்டுபோய் இலை போட்டு மூடிவிடும்.

ஆனால் அது விரல் நகத்தை நரம்பில் வைத்து ஒரே ஒரு தரம் இழுத்தால் போதும். காலுக்குக் கீழே மண் அதிரும். கருவண்டுக்கு அந்த அதிர்வு வயிற்றில் இறங்கும். வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே தங்கியிருக்கும்.

இது எப்படி? கருவண்டு யோசித்தது. ஒரே நரம்பு. அதுவும் கிழம். மூங்கிலோ வெறும் புல் சாதி. பலாவின் முன்னால் அது நிற்குமா?

ஒருநாள் நேராகவே கேட்டது. "அண்ணே, அந்த மூங்கிலுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே. வெறும் மூங்கில்" என்றது செம்போத்து.

வெறும் மூங்கிலுக்கு இலைப் போர்வை எதற்கு என்று கருவண்டு நினைத்தது. வாயால் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடை மணலாயிற்று. ஆவாரம்பூகூட உதிர்ந்துபோனது. தாகத்தில் காட்டுக்கே சந்தேகக் கண் வந்துவிட்டது. அணில் கிளியின் பொந்தை எட்டிப் பார்த்தது. கிளி அணிலின் கன்னத்தை உற்றுப் பார்த்தது. யாரிடமோ தண்ணீர் இருக்கிறது என்று எல்லாருமே நினைத்தார்கள்.

பாட்டுக்குத் தலைமை தாங்கிய மயில் அடிநாதக்காரர்களைக் கூப்பிட்டது.

"மேகத்தைக் கூப்பிடணும். குயில் இந்தத் தடவை இதுவரைக்கும் ஏறாத உயரத்துக்கு ஏறணும். நீங்க மூணு பேரும் மூணு பக்கம் இழுக்கிறீங்க. அவ எதுல கால் வைப்பா? இனிமே ஒருத்தர் போதும். ஆளுக்கு ஒரு சாயங்காலம் வாசிங்க. யார்னு குயிலே சொல்லட்டும்."

"மத்த ரெண்டு பேரு?" என்று கருவண்டு கேட்டது.

"கேட்டுக்கிட்டு இருங்க" என்றது மயில்.

 கருவண்டுக்குக் குயிலைப் போல் குரல் இல்லை, மயிலைப் போல் அழகு இல்லை. அந்த வெட்டவெளியில் அடிநாதத்தின் இடம் ஒன்றுதான் அதற்கு இருந்தது. அது போனால் பூவுக்குப் பூ அலையும் ஒரு கறுப்புப் பூச்சி. அவ்வளவுதான்.

முதல் மாலை கருவண்டு வாசித்தது. ஐந்து நரம்பிலும் ஓடியது. தனக்குத் தெரிந்ததை எல்லாம் வாசித்தது. குயில் முடித்துவிட்டு, "நல்லா இருந்தது" என்றது. கருவண்டு அந்தச் சொல்லை வீடுவரை திருப்பித் திருப்பிப் பார்த்தது. நல்லா இருந்தது. கண்ணைப் பார்க்காமல் ஏன் சொன்னது?

மறுமாலை தவளை அறைந்தது. எல்லாரும் ஆடினார்கள். குயிலுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அடுத்தது செம்போத்தின் முறை. அன்று காலை தவளை கருவண்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. ஒரு மூங்கிலை ஏன் ஒருத்தன் தொடவே விடமாட்டேங்கிறான்?"

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குப் பல்லும் இல்ல, குடைஞ்சு பார்க்க. உன்னை மாதிரி." தவளை கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. "அவரு உச்சி வெயில்ல கருவியைப் புதர்ல வெச்சுட்டுத் தண்ணி தேடிப் போறாராம். பேச்சுக்குச் சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தத்திப் போய்விட்டது.

கருவண்டு உச்சிவரை காத்திருந்தது. போகக் கூடாது என்று ஒருமுறை நினைத்தது. பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று பலமுறை நினைத்தது. உள்ளே என்னதான் இருக்கும்? இடி விழுந்த மரத்தின் வைரமா? யானையின் பெருமூச்சைப் பிடித்து அடைத்திருக்கிறதா? இருந்தால் மயிலிடம் சொல்லலாம். எல்லாருக்கும் ஒரே நியாயம் வேண்டாமா?

புதருக்குள் மூங்கில் இலைக்கடியில் கிடந்தது. ஆள் இல்லை. கருவண்டு அதன் அடிப்பக்கத்தில் பல்லை வைத்தது. பலாவைக் குடைந்த பல்லுக்கு மூங்கில் ஒரு பொருட்டா? மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. வட்டமாக ஒரு துளை விழுந்ததும் தலையை நுழைத்தது. பிறகு உடம்பையும்.

உள்ளே ஒன்றும் இல்லை.

இருட்டு. காய்ந்த வாசனை. வேறு எதுவுமே இல்லை. கருவண்டு நம்பவில்லை. இறக்கையை அடித்து முன்னே போனது. அப்போது கேட்டது, அதுவரை காட்டில் எங்கும் கேட்காத ஒரு நாதம். கனத்து, பருத்து, நாற்புறமும் இருந்து வந்தது. செம்போத்து வாசிப்பதைவிடத் தாழ்ந்திருந்தது. கருவண்டின் உடம்பே அதில் கரைவது போல் இருந்தது. இதோ, இதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறான்.

பிடிக்கலாம் என்று இறக்கையை மடக்கி நின்றது. நாதமும் நின்றது. மறுபடி பறந்தது. நாதமும் வந்தது. கணுவுக்கு அந்தப் பக்கம் பதுங்குகிறது போலும். கருவண்டு கணுவைத் துளைத்தது. அடுத்த கணுவையும் துளைத்தது. எங்கே போனாலும் அந்தக் குரல் கூடவே வந்தது, கைக்கு மட்டும் அகப்படவில்லை. கொடி சுற்றியிருந்த இடத்தில் மூங்கில் மெல்ல நெரிந்ததை அது கவனிக்கவே இல்லை. வெளியே காலடி கேட்கவும், வந்த வழியே வெளியேறிப் பறந்தது.

அந்தி வந்தது. குயில் கிளையில் அமர்ந்தது. செம்போத்து நரம்பில் நகத்தை வைத்து இழுத்தது. முதல் இழுப்பில் சற்றே காற்று கலந்தாற்போல் இருந்தது. செம்போத்து தலையைச் சாய்த்துக் கேட்டது. இரண்டாவது இழுப்பு சரியாக விழுந்தது. குயில் அதை நம்பி ஏறியது. ஒரு படி, இன்னொரு படி. மேற்கே வானத்தின் ஓரம் லேசாகக் கறுத்தது. மயில்கூடத் தோகையை அசைத்தது.

அடுத்த இழுப்பில் மூங்கில் நெடுக்காகப் பிளந்தது.

அடியில் நாதம் இல்லை. குயில் இறங்கப் பார்த்தது. கால் வைக்கத் தரை இல்லை. இன்னும் மேலே ஏறியது, இன்னும் மேலே, கடைசியில் குரல் உடைந்து பாதியில் நின்றது. மேற்கே கறுத்தது வெளுத்துவிட்டது.

 செம்போத்து குனிந்து பார்த்தது. மூங்கிலின் அடியில் வட்டமாய் ஒரு துளை. சுற்றிலும் புதுத் தூள். தலையை நிமிர்த்தி ஒவ்வொருவரையும் பார்த்தது. மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெல்ல மெல்ல எல்லாப் பார்வையும் கருவண்டின் மேல் வந்து நின்றது.

"உன் கால்ல என்ன அது, மஞ்சளா?" என்று மயில் கேட்டது.

"பூந்தாது" என்றது கருவண்டு.

"எந்தப் பூ?"

கருவண்டு காலை உடம்புக்கடியில் இழுத்துக்கொண்டது. அந்தக் காட்டில் பூ பூத்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்தேன்" என்றது கடைசியில்.

"என்ன இருந்தது?" செம்போத்தின் குரல் ஏறவே இல்லை.

"ஒண்ணுமில்ல."

"அன்னைக்கே சொன்னேனே, வெறும் மூங்கில்னு."

"சொன்னீங்க. ஒண்ணுமில்லாததை யாரும் மூடி வெப்பாங்களா?"

செம்போத்து பிளந்த மூங்கிலிலிருந்து கொடியைப் பிரித்தது. உள்ளே ஒரு பழைய கீறல் ஓடியிருந்தது. "இதைத்தான் மூடினேன். விரிசல் விட்டு ரெண்டு கோடையாச்சு. யாராவது அழுத்திப் பிடிச்சா உடைஞ்சிரும்னு பயம். உடைஞ்ச கருவிக்காரனுக்கு இங்க இடம் கொடுப்பாங்களான்னு பயம். அவ்வளவுதான் என் ரகசியம்."

இதைச் சொல்லிவிட்டு வெறும் கையோடு புதருக்குள் போய்விட்டது.

சற்று நேரம் கழித்து, புதருக்குள்ளிருந்து அந்த நாதம் வந்தது. ஊப், ஊப், ஊப் என்று, மண் அதிர. நரம்பு இல்லை. மூங்கில் இல்லை. வெறும் நெஞ்சிலிருந்து வந்தது. அதே கனம், அதே ஆழம். மயிலுக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை நாளும் அது செம்போத்துக்குள்தான் இருந்திருக்கிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. செம்போத்துக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"வெளியே வாங்க. இடம் உங்களுக்குத்தான்" என்று மயில் கூப்பிட்டது.

புதர் அசையவில்லை. இலைகளுக்கு நடுவில் சிவந்த கண் ஒன்று மட்டும் தெரிந்தது. அது இனி யாரையும் நம்புவதாக இல்லை.

கருவண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றது. பக்கத்தில் இருந்த தவளையிடம் மெதுவாகச் சொன்னது: "பார்த்தியா? நான் அப்பவே நினைச்சேன். இன்னொண்ணு ஒளிச்சு வெச்சிருக்கான்."

"இருக்கும், இருக்கும்" என்றது தவளை. அடிநாதத்தின் இடம் கடைசியில் தவளைக்கே போனது. பிறகு மழை தானாக வந்தபோது, அழைத்தது தான்தான் என்று அது பேரும் வாங்கிக்கொண்டது. ஆனாலும் யாரோ வந்து அந்தக் காலைப் பேச்சை நினைவூட்டிவிடுவார்களோ என்று, காலடி கேட்டால் இன்றும் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது.

கருவண்டு தன் பலாக்கட்டையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுத் தேடக் கிளம்பியது. முதலில் காட்டு மூங்கில் புதர்கள். பிறகு பட்ட மரங்கள். பிறகு மனிதர்கள் வீடு கட்டியதும் அவர்களுடைய உத்திரங்கள்.

செம்போத்து புதரைவிட்டு வெளியே வந்து பாடாததும், குயிலின் கூவல் ஏறி ஏறிப் பாதியில் அறுந்துபோவதும் அந்த அந்தி முதல்தான்; அன்றிலிருந்துதான் கருவண்டும் காய்ந்த மரம் கண்டால் துளையிட்டு உள்ளே போகிறது, இருட்டில் நின்று இறக்கையை அடிக்கிறது, எங்கிருந்தோ வரும் அந்தக் கனத்த குரலைக் கேட்டு மயங்குகிறது, அது தன்னுடையது என்று யார் சொன்னாலும் நம்பாமல் அடுத்த மரத்துக்குப் போகிறது.