பிந்தி அசைந்த கை

கொம்பையாவிடம் அன்று காலையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை அவர் கல்யாண மண்டபத்துச் சமையல்காரரிடம்கூடக் கேட்டுவிட்டார்.

"நாலு கேமரா பெட்டி போதுமா, எட்டு கேமரா பெட்டி வாங்கணுமா?"

சமையல்காரர் கேசரியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எத்தனை பந்தி?"

பெட்டி என்றது ஸ்விட்சரை. மண்டபத்தைச் சுற்றி கேமராக்கள் நிற்கும். எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். அழுத்திய படம் இன்டர்நெட்டில் ஏறி, துபாயில் இருக்கிற மச்சானுக்கும் சிங்கப்பூரில் இருக்கிற சித்திக்கும் போய்ச் சேரும். பாளையங்கோட்டையில் பல வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்திய கொம்பையா, தலை நரைத்த பிறகு இந்த லைவ் தொழிலுக்கு வந்தவர்.

கற்றுக்கொடுத்தவர் மரகதவல்லி. கொம்பையாவைவிட வயதில் ரொம்ப இளையவர். சென்னையில் டிவி லைவ் வண்டிக்குள் உட்கார்ந்து பழகியவர். தொழிலில் இருந்த எல்லாரும் அவரை வாத்தியாரம்மா என்றார்கள். கொம்பையாவும் அப்படித்தான் கூப்பிட்டார். மரகதவல்லி அவரை அண்ணாச்சி என்றார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் மரகதவல்லி மண்டபத்துக்குள் நுழைந்ததும் கொம்பையா எழுந்து ஓடினார்.

"வாத்தியாரம்மா, நாலா எட்டா?"

"காப்பி குடிச்சீங்களா?"

"எறங்கல."

"நேத்து என்ன நடந்துச்சு?"

கொம்பையா சொன்னார்.

நேற்று சாயங்காலம் இதே மண்டபத்தில் வரவேற்பு. பாதியில், போனில் பார்த்துக்கொண்டிருந்த லைவ் கறுப்பாகிவிட்டது. உடனே ஸ்விட்சரை அணைத்துப் போட்டார். அது எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்ததும் இன்டர்நெட் ஒட்டவில்லை. விற்ற கம்பெனியின் சப்போர்ட் நம்பருக்குப் போன் போட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு பெண் தேனாய்ச் சொன்னாள். அதன்பின் வீணை வாசித்தார்கள். மறுபடி முக்கியமானது என்றாள். மறுபடி வீணை. மாப்பிள்ளையும் பெண்ணும் பந்திக்குப் போகிறவரை அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொறவு நயினாரே போன் போட்டாரு" என்றார் கொம்பையா. அதோடு குரல் இறங்கிவிட்டது.

ஆறுமுகநயினார் பெண்ணின் அப்பா. கொம்பையாவின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இன்றைக்கே ஆபரேஷன். நாள் தள்ள டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தைத் தள்ள நயினார் ஒத்துக்கொள்ளவில்லை. தாலி ஏறுகிறதைப் போனில் பார்த்துவிட்டால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள்.

"என்ன சொன்னாரு?"

நயினாரின் இழுவைக் குரலிலேயே கொம்பையா சொன்னார். "'ஏவே கொம்பையா, என் நெஞ்சுல நாலு வயரு மாட்டிருக்கான், அது நிக்காம ஓடுது. ஒம்ம நாலு கேமரா என்னவே படுத்துக்கிடுச்சு'ன்னாரு. சிரிக்கத்தான் செஞ்சாரு. அப்புறம், 'நாளைக்கு அது ஒண்ணை மட்டும் காட்டிரும்வே. திரும்பி வருவேனோ என்னமோ'ன்னாரு."

மரகதவல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கறுப்பாச்சுன்னீங்களே. அவரு போன்ல அது எப்படித் தெரிஞ்சுதாம்?"

"அதாம் எனக்கு விளங்கல. 'ஒரு நொடி இருட்டா வந்துச்சு, ஒடனே சரியாப் போச்சு. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் மொத்தமாப் போச்சு'ங்காரு."

ரெண்டாம் கேமராவில் நின்ற டேனியல் அங்கிருந்தே கத்தினான். "என் வயரு கழண்டுச்சு அண்ணாச்சி. கழண்டதும் சொருகிட்டேன். ஹெட்போன்ல சொன்னேன்லா, நீங்க கேட்டாத்தான."

"இப்ப வயரு?"

"புதுசு மாத்தியாச்சு வாத்தியாரம்மா. டேப்பும் சுத்தியாச்சு. இனி என்னைக் கழட்டினாத்தான் அது கழளும்."

கொம்பையாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், சென்னையிலேர்ந்து பேசறேன் சார். டிசைட் பண்ணிட்டீங்களா சார்? எட்டு இன்புட் பெட்டி எடுத்துட்டீங்கன்னா லைஃப்ல டென்ஷனே இருக்காது சார். நானே யூஸ் பண்றேன் சார்."

"நீங்களும் கல்யாணம் எடுப்பீங்களா?"

"இல்ல சார், ஒரு பேச்சுக்கு சார்."

கொம்பையா அப்புறம் சொல்வதாகச் சொல்லி வைத்தார். வைத்த கையோடு போனை ஸ்விட்சருக்குப் பின்னால் இருந்த மானிட்டர் மேல் சாய்த்து நிறுத்தினார். போனில் லைவ் பக்கம் திறந்திருந்தது. மானிட்டரின் பாதியை அது மறைத்தது.

மரகதவல்லி அதைப் பார்த்தார்.

"இது எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"ஆமா. நயினாரு என்னத்தப் பாக்காரோ அதையே நானும் பாக்கணும்லா."

"எட்டு வாங்குங்க. பெட்டி அகலமா இருக்கும். ரெண்டு போன் சாத்தலாம்."

ஹெட்போனில் டேனியல் சிரித்தான். கொம்பையா சிரிக்கவில்லை.

"வெளையாடாதீங்க வாத்தியாரம்மா. கெட்டுப் போகாத பெட்டி எதுன்னு சொல்லுங்க, நாளைக்கே வாங்குதேன்."

மரகதவல்லி பொத்தானை அழுத்தி லைவை ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் கேமராவுக்கு முன்னால போயி நில்லுங்க. போனைக் கையிலயே வச்சுக்கிடுங்க."

போய் நின்றார்.

"இன்னொரு கையை ஆட்டுங்க."

ஆட்டினார். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தனக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்.

"போன்ல என்ன தெரியுது?"

"காலி மேடை. நான் இல்ல."

"போதும். எறக்குங்க. வந்து ஒக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். போனைப் பார்த்தார்.

போனுக்குள் ஓர் ஆள் மேடை முன்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

"அது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்."

"கையை எறக்கச் சொல்லுங்க."



"எறக்கியாச்சே, வாத்தியாரம்மா."

போனுக்குள் இருந்த ஆள் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பயந்த முகம். பிறகு கையை இறக்கினார்.

"அரை நிமிஷம், முக்கா நிமிஷம் பிந்தித்தான் வரும்னு எனக்கும் தெரியும்" என்றார் கொம்பையா.

"தெரியும்லா. நேத்து போன்ல கறுப்பு தெரியிறப்ப டேனியல் வயரைச் சொருகியே முடிச்சாச்சு. உங்க கை எங்க போச்சு?"

கொம்பையா ஸ்விட்சரின் பின்பக்கத்துப் பவர் சுவிட்சைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

மரகதவல்லி கையை நீட்டினார். கொம்பையா போனைக் கொடுத்தார். உடனே கொடுத்துவிடவில்லை; ஒரு தடவை இழுத்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா?"

"நான் இருக்கேன்."

போனைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மானிட்டர் இப்போது முழுசாகத் தெரிந்தது. நாலு கட்டத்தில் நாலு படம். கொம்பையாவுக்கு அது நிர்வாணமாக இருக்கிற மாதிரி இருந்தது.

பெண்ணை அழைத்து வந்தார்கள். கொம்பையா ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனார். மூன்றிலிருந்து நாலு. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கண் மரகதவல்லியின் மடிக்குப் போய் வந்தது.

"ஓடுதா வாத்தியாரம்மா?"

"உங்க முன்னால என்ன ஓடுது?"

"பொண்ணு ஒக்காருது."

"பின்ன."

ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பினார். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். நாதஸ்வரக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். தட்டு மேடைக்குத் திரும்பி வந்தது. கொம்பையா ரெண்டை அழுத்தினார்.

"டேனியல், பொண்ணு முகம். விடாத."

"விடல அண்ணாச்சி."

அப்போது மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

கொம்பையாவின் முதுகு நிமிர்ந்தது. "யாரு?"

மரகதவல்லி போனைத் திருப்பவில்லை.

"வாத்தியாரம்மா, நயினாராத்தான் இருக்கும். படம் போயிருக்கும். பாருங்க."

"ரெண்டு எப்படி இருக்கு?"

"போன் அடிக்குது."

"ரெண்டு எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

கொம்பையா மானிட்டரைப் பார்த்தார். ரெண்டாம் கட்டத்தில் பெண்ணின் முகம். குனிந்த தலை. அப்பாவின் அதே நெற்றி. மாப்பிள்ளை தாலியை எடுத்தான்.

கட்டத்துக்குள் ஒரு முதுகு வந்தது.

நீலச் சட்டை. மாப்பிள்ளையின் மாமா செல்போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் ஏறி நின்றுவிட்டார்.

"முதுகு அண்ணாச்சி" என்றான் டேனியல். "காலர்ல டெய்லர் பேரு வரைக்கும் தெரியுது."

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கொம்பையாவின் கை ஸ்விட்சரின் பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. கண் மூன்றாம் கட்டத்துக்குப் போனது. அங்கே பக்கவாட்டில் பெண்ணின் கன்னமும், மஞ்சள் கயிறும், மாப்பிள்ளையின் ரெண்டு விரலும் தெளிவாகத் தெரிந்தன.

மூன்றை அழுத்தினார்.

கெட்டிமேளம் கொட்டியது. மண்டபம் முழுவதும் அட்சதை பறந்தது. முடிச்சுகள் விழுந்தன. நீலச் சட்டைக்காரர் தன் செல்போனைப் பார்த்து, "ஐயோ, ஆன் பண்ணலியே" என்றார்.

அதிர்வு நின்றது. மரகதவல்லி போனைத் திருப்பினார்.

"யாரு வாத்தியாரம்மா?"

"டென்ஷனே இருக்காது சார்."

டேனியல் ஹெட்போனில் அதே குரலில், "ஒரு பேச்சுக்கு சார்" என்றான். கொம்பையாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நல்லபடியா ஏறிருச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு வேகமாகக் கையை நீட்டினார். "அதைக் குடுங்க வாத்தியாரம்மா. நயினாருக்கு ஒரு வார்த்தை சொல்லிருதேன். ஏறிட்டுவே, ஒண்ணும் கெட்டுப் போகல, பயப்படாம போயிட்டு வாரும்னு. தியேட்டருக்குள்ள கொண்டுபோறதுக்கு முந்திச் சொல்லிருதேன்."

மரகதவல்லி போனைக் கொடுக்கவில்லை. அவர் பார்க்கிற மாதிரித் திருப்பிக் காட்டினார்.

போனுக்குள் தாலித் தட்டு இப்போதுதான் மேடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் காத்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றார் மரகதவல்லி. "அவர் மகளுக்கு இன்னும் தாலி ஏறல."