அசன விருந்தில் மாறிய செருப்பு

முதலில் அநியாயம் செய்தவன் மாசிலாமணி. எதை மறந்தாலும் இடது செருப்பு அதை மட்டும் மறக்கவில்லை.

ஒரு காலத்தில், பருத்தி ஆலையில் வேலை பார்த்த யேசுவடியானுக்கு ஒரு ஜோடித் தோல் செருப்பு இருந்தது. ஒரே தோலில் வெட்டி, ஒரே நாளில் எண்ணெய் பூசிய ஜோடி. நடந்தால் 'சரக் சரக்' என்று இரண்டும் ஒரே குரலில் பேசும். யேசுவடியான் கோவிலுக்குப் போகிற ஆள் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை, சபையார் எல்லாருக்கும் கோவில் வளாகத்தில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் போடுகிற அசன விருந்துக்கு மட்டும் தவறாமல் போவார்.

அந்த வருஷம் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வெயிலில் சமையல் கொட்டகைக்கு ஓடிய மாசிலாமணி, கீழே பார்க்காமல் காலை நுழைத்தான். இடது காலில் அவனுடைய டயர் செருப்பு. வலது காலில் யேசுவடியானுடைய தோல் செருப்பு. மறுநாள் அவன் அப்படியே பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான்.

சாப்பிட்டுவிட்டு வந்த யேசுவடியானுக்கு மிஞ்சியது தன் இடது தோல் செருப்பும் யாருடையதோ ஒரு வலது டயர் செருப்பும்.

"எவன்ல அவன், கண்ணு தெரியாத பய!"

மனைவி ரூத்தம்மாள் சிரித்துவிட்டாள். "சோத்துக்கு மட்டும் கோவிலுக்கு வந்தா இப்படித்தான்."

"சிரிக்காத. வார ஞாயித்துக்கிழமை அவன் வராமலா போவான்? பிடிச்சு நாலு கேக்கேன்."

அப்படித்தான் அவர் கோவிலுக்கு வர ஆரம்பித்தார். கடைசி வரிசையில், வாசலைப் பார்த்து உட்காருவார். படியில் செருப்பைக் கழற்றும்போது ஒரு ஜெபம்: "ஆண்டவரே, அந்தத் திருட்டுப்பயலைக் காட்டிக்கொடும்."

இடது செருப்புக்கும் அதே ஜெபம்தான்.

"அண்ணாச்சி, வெயிலு கூடுதலோ?" என்று பேச்சுக் கொடுத்தது டயர் செருப்பு.

"நான் உனக்கு அண்ணாச்சியுமில்ல, நீ எனக்குத் தம்பியுமில்ல. லாரிச் சக்கரத்துக்குப் பிறந்தவனே, தள்ளிக் கிட."

"தள்ளிப்போனா அவரு காலை அகட்டிக்கிட்டுல்லா நடக்கணும்."

'சரக்... தொப். சரக்... தொப்.' தெருவே திரும்பிப் பார்த்தது. இடது செருப்புக்கு மானம் போயிற்று.

கண் வாசலில் இருந்தாலும் காதை மூட முடியாதே. ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே யேசுவடியான் வாசலைப் பார்க்க மறந்தார். அடுத்த வருஷம் நடு வரிசைக்குப் போய்விட்டார்.

"நம்ம வழக்கு போச்சு" என்றது இடது செருப்பு.

ரூத்தம்மாளுக்கு விஷக் காய்ச்சல் கண்ட அன்று, அவர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்து உள்ளே ஓடினார். அன்று மட்டும்தான் இடது செருப்பு கோவிலுக்குள் போனது. முழங்காலிட்டவரின் உடம்பு குலுங்கியதை அது பாதத்தில் ஒட்டிக்கொண்டே அறிந்தது. அவர் திருடனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் அப்போது நினைப்பு வரவில்லை.

ரூத்தம்மாள் பிழைத்தாள். அப்புறம் இருபது வருஷம் இருந்து கண்ணை மூடினாள். செருப்புகள் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீடுகளுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடந்தன. அடித்தோல் மாறியது, வார் மாறியது. கடைசியில் இடது செருப்பிடம் பழையதாக இருந்தவை பெருவிரல் வளையமும் கோபமும்தான்.

"புதுசு வாங்கிரும் பெரியவரே" என்றார் செருப்புத் தைப்பவர்.

"வேண்டாம்ப்பா. என்னைக் கோவிலுக்குக் கூட்டிட்டு வந்தது இதுதான்."

படியில் ஜெபமும் மாறியிருந்தது: "அவன் எங்க இருந்தாலும் கால் நோகாம நடக்கட்டும்." இடது செருப்புக்கு அது பிடிக்கவே இல்லை.

பிறகு ஓர் அசன விருந்தில் கூன் விழுந்த கிழவர் ஒருவர் கம்பூன்றி வந்தார். மாசிலாமணி. அவர் கழற்றியது ஒரு டயர் செருப்பும் ஒரு தோல் செருப்பும்.

"வந்துட்டியா!" என்று கூவியது இடது செருப்பு. அந்தப் பழைய தோல் வாசனை! பிறகுதான் பக்கத்தில் டயர் செருப்பு பேசாமல் கிடப்பதைப் பார்த்தது. "நீ ஏன் வாயை மூடிட்ட?"

"அவர் இடது காலில கிடந்தது என் ஜோடி அண்ணாச்சி. இத்தனை வருஷத்துல நீங்க ஒருநாளும் கேக்கலையே."

பந்தி முடிந்தது. வாசலில் இரண்டு கிழவர்களும் ஒரே இடத்தில் குனிந்தார்கள்.

"உங்களுதா இது?" என்று மாசிலாமணி தோல் செருப்பைக் காட்டினார். "ரயில்ல ஏறின பிறகுதான் பாத்தேன். திருப்பித் தர வெக்கமாப் போச்சு."

'கேளும்! நாலு கேளும்!' என்று துடித்தது இடது செருப்பு.

யேசுவடியான் அந்தத் தோல் செருப்பை எடுத்துப் பார்த்தார். மாசிலாமணியின் கோணல் விரல்களுக்கென்றே அது படிந்துபோயிருந்தது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தைப் பிடித்து, செருப்பை மாட்டிவிட்டார்.

"ரூத்து இருந்தா சிரிச்சிருப்பா" என்றார். "வாரும் வே, நடப்போம்."

தெரு முனையில் இருவரும் பிரிந்தார்கள். 'சரக்... தொப்' என்று ஒரு சத்தம் கிழக்கே போனது, 'தொப்... சரக்' என்று இன்னொன்று மேற்கே போனது. கேட்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தது இடது செருப்பு.

"எனக்கு வரவேண்டியது இன்னும் வரல" என்றது.

"எனக்கும்தான்" என்றது டயர் செருப்பு.

இரண்டும் கொஞ்ச தூரம் நடந்தன.

"தம்பி, முன்னால கல்லு கிடக்கு, பாத்து வா" என்றது இடது செருப்பு. "அதுக்காக என் ஜோடிய விட்டுக்குடுத்துட்டேன்னு நினைச்சுக்கிடாத."