சிறுத்தையின் மூக்கைத் தொட்ட நவ்வி

அல்லிக்குளத்தங்கரையில் கீரி மரகதம் பள்ளிக்கூடம் நடத்திவந்தாள். ஒன்றாம் வகுப்புக்கு ஒரே பாடம்தான்: சிறுத்தையைக் கண்டால் ஓட வேண்டும். புல் உயர்ந்துவிட்டால் சிறுத்தை வந்துவிடும். அதற்குள் குட்டிகள் கற்றாக வேண்டும்.

ஆனால் பாடம் கேட்கத்தான் ஆளில்லை. மரகதம் சேற்றில் வாலால் சிறுத்தை வரைவாள். அது பூசணிக்காய் மாதிரி இருக்கும். மான்குட்டி நவ்வி தும்பியை வேடிக்கை பார்ப்பாள். பன்றிக்குட்டி உருண்டை குறட்டையே விடுவான்.

ஒரு நாள் காட்டுப் பஞ்சாயத்து ஒரு டேப்லெட்டை அனுப்பிவைத்தது. மரகதத்துக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் லீவு விட்டு, அதில் ஒரு விளையாட்டைத் தயார் செய்தாள். யானைப் படத்தைத் தொட்டால் அது பிளிறும். சிறுத்தைப் படத்தை முதலில் தொடுபவருக்கோ கைதட்டலோடு ஒரு நட்சத்திரம்!

அவ்வளவுதான், வகுப்பு களைகட்டியது!

"மிஸ், நான் தொட்டுட்டேன்!"

"போடா, நான்தான் முதல்ல!"

படத்தில் புதருக்குள் பாதி மறைந்த சிறுத்தையைக்கூடக் குட்டிகள் கண்ணிமைப்பதற்குள் கண்டுபிடித்தன. மரகதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் வகுப்புல எல்லாரும் நூத்துக்கு நூறு!" என்று குளத்துத் தவளை ஒன்றையும் விடாமல் சொல்லித் தீர்த்தாள். ஓட்டப் பயிற்சியை அவள் மறந்தே போனாள். ஓட்டத்துக்கு யார் நட்சத்திரம் தருகிறார்கள்!

புல் வளர்ந்தது. ஒரு காலையில் அதற்குள்ளிருந்து நிஜச் சிறுத்தை எட்டிப் பார்த்தது.

"சிறுத்தை!" என்று கத்தினாள் நவ்வி. சபாஷ், முதலில் கண்டது அவள்தான்! ஆனால் அவள் ஓடவில்லை. நேராகப் போய் அதன் மூக்கைத் தொட்டாள்.

"தள்ளு, நானும் தொடணும்!" என்று உருண்டையும் பின்னாலேயே வந்தான்.

சிறுத்தை திகைத்து நின்றது. இத்தனை வருஷ வேட்டையில் எந்த இரையும் இப்படி வரிசையில் வந்ததில்லை.

"மிஸ், கைதட்டல் வரலையே!" என்று திரும்பிப் பார்த்தாள் நவ்வி.

மரகதம் டேப்லெட்டை நோக்கிப் பாய்ந்தாள். 'ஐயோ, இதைத்தானே நான் சொல்லிக் கொடுத்தேன்!' சத்தத்தை முழுசாகக் கூட்டி, யானைப் படத்தை அழுத்தினாள். டேப்லெட் காடே அதிரும்படி பிளிறியது. யானைக் கூட்டம் வருகிறது என்று பயந்த சிறுத்தை எடுத்தது ஓட்டம்!

மரகதம் குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள்.

"எனக்கு நட்சத்திரம் உண்டா மிஸ்?" என்றாள் நவ்வி.

"இல்லடி கண்ணு. இன்னிக்கு உங்க மிஸ்தான் ஃபெயில்!"

மறுநாள் டேப்லெட், சிறுத்தை நுழைய முடியாத ஒரு பாறை இடுக்குக்குப் போய்விட்டது. குளத்தங்கரையில் நின்று மரகதம் "சிறுத்தை!" என்று கத்துவாள். ஓடிப்போய் இடுக்குக்குள் நுழைந்து திரையைத் தொட்டால்தான் கைதட்டல். குட்டிகள் காற்றாய்ப் பறந்தன. உருண்டைகூட மூச்சிரைக்க ஓடினான்.

அடுத்த வாரம் சிறுத்தை மறுபடியும் எட்டிப் பார்த்தது. கரையில் ஒரு குட்டியும் இல்லை. பாறை இடுக்கிலிருந்து கைதட்டல் மட்டும் கேட்டது.

கருவி குட்டிகளின் கவனத்தைக் கட்டி இழுக்கும். ஆனால் எதற்குக் கைதட்ட வேண்டும் என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும்.