ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம்

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி ஏகாம்பரம், ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே, "பரப்பளவுக்கு வரையறை சொல்லுங்க!" என்று அதட்டினார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

"இதுதான் நீ பாடம் நடத்துற லட்சணமா? நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை" என்றார் தற்காலிக ஆசிரியை செங்கமலத்திடம்.

சும்மா விடுவாளா அவள்? பாடத்திட்டப் புத்தகத்தை விரித்து நீட்டினாள். "ஐயா, பிள்ளைங்க பரப்பளவை அளந்து சொல்லணும்னுதான் இதுல இருக்கு. வரையறையை ஒப்பிக்கணும்னு இல்லை. நான் இதைத்தான் நடத்தினேன். நீங்களும் இதையே கேளுங்க."

"சரி, இந்த அறையை அளக்கட்டும், பார்க்கலாம்!"

பிள்ளைகள் டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தார்கள். நீளம் ஆறு மீட்டர், அகலம் ஐந்து. "முப்பது சதுர மீட்டர், ஐயா!"

"தப்பு! நாற்பது. போன வருஷம் நானே அளந்து பள்ளியோட ஆய்வுப் பதிவேட்டில் எழுதியிருக்கேன்."

"அப்போ நீங்களே இன்னொரு தடவை அளந்துடுங்க, ஐயா" என்றாள் செங்கமலம்.

அதிகாரி டேப்பைப் பிடுங்கி அளந்தார். ஆறும் ஐந்தும்தான் வந்தன.

செங்கமலம் பதிவேட்டைத் திறந்து வைத்தாள். "பிள்ளைங்க தேர்ச்சின்னு ஒரு வரி எழுதுங்க. போன வருஷம் அளக்காமலே எழுதினேன்னு இன்னொரு வரி. அப்புறம் என் வேலையைப் பத்திப் பேசலாம்."

அதிகாரி முதல் வரியை மட்டும் எழுதினார். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஜீப்பில் ஏறினார்.