நகலிலிருந்து ஒரு கடிதம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் வடிவம்மாள், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் அவர் பொறுப்பு.

புதிய கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் புதிய மின்னஞ்சல் மென்பொருளை ஏற்றி, பழைய அஞ்சல்கள் முழுவதையும் வடிவம்மாள் அதற்கு மாற்றிவிட்டார். தனியாக ஒரு டிஸ்க்கிலும் நகல் எடுத்தார். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்து, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதுதான் பாக்கி. அதற்காகக் கம்ப்யூட்டர் கடைக்காரர் துரைப்பாண்டி வந்திருந்தார்.

“அழிச்சிடலாமாக்கா? அழிச்சா திரும்ப வராது.”

“இருங்க, சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

குரு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“சாமி, பழசையெல்லாம் விடுன்னு தினமும் சொல்றீங்க. பழைய அஞ்சலை மட்டும் ஒண்ணு விடாம எடுத்து வைக்கச் சொன்னீங்க. இது பற்று இல்லையா?”

குரு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். புதிய கம்ப்யூட்டர் அருகில் உட்கார்ந்தார்.

“ஒரு பழைய கடிதத்தைப் படிங்கக்கா.”

அந்த மடத்தில் எந்தக் கடிதத்தையும் வாய்விட்டுப் படிப்பதுதான் வழக்கம். கேட்ட பிறகே பதில் எழுதுவார்கள்.

“எல்லாம் வந்தாச்சு சாமி. எண்ணிக்கைகூடச் சரி பார்த்துட்டேன்.”

“எண்ணினீங்க. படிச்சீங்களா?”

வடிவம்மாள் ஒன்றைத் திறந்தார். வாயையும் திறந்தார். சத்தம் வரவில்லை.

திரையில் தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நின்றன.

“எந்த ஊர் பாஷைக்கா இது?” என்றார் குரு.

அவர் அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படியே. அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. கடிதங்களை மாற்றிய வடிவம்மாள் எழுத்துருவை அங்கேயே விட்டுவிட்டார்.

“துரைப்பாண்டி, கையை எடுங்க!” என்று கூவிக்கொண்டே ஓடினார்.

“நான் டீயே இன்னும் குடிச்சு முடிக்கலக்கா” என்றார் துரைப்பாண்டி.

இருவரும் எழுத்துருவை எடுத்து வந்து ஏற்றினார்கள். டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்தார்கள். வடிவம்மாள் முதல் கடிதத்தை மறுபடி திறந்தார். இப்போது தமிழ் தெரிந்தது. தேதி மிகவும் பழையது. வாய்விட்டுப் படித்தார்.

“‘மடத்தாருக்கு வணக்கம். கீழே இருப்பது என் மகள் கடைசியாக எனக்கு எழுதியது. இதை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. என்றைக்காவது வந்து கேட்பேன். அதுவரை உங்களிடம் இருக்கட்டும்.’”

மகள் எழுதியதையும் படித்து முடித்தார். துரைப்பாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னமோ கேட்டீங்களேக்கா?” என்றார் குரு.

“பழசை விடணுமா, வெச்சிருக்கணுமான்னு கேட்டேன் சாமி.”

குரு வாழைப் பக்கம் போக எழுந்தார். போகிற வழியில் வடிவம்மாளின் தோளைத் தொட்டார்.

“வந்து கேட்பேன்னவர் இன்னும் வரலையேக்கா.”