மையாளின் ஈரச் சிறகு

வெகு காலத்துக்கு முன்பு, ஊருக்கொரு மந்திரவாதி இருந்த நாளில், செம்பேரி என்ற ஏரியில் மையாள் என்றொரு நீர்க்காகம் இருந்தாள். முங்கினால் அடிமண்ணைத் தொட்டு, அயிரை மீனோடுதான் மேலே வருவாள். ஆனால் அவள் இறகு நனைந்து கனத்துவிடும், பறக்க வராது. தண்ணீரில் சாய்ந்து கிடந்த பட்டமரத்தில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்க வேண்டும். காயும்வரை பருந்து வராமல் பக்கத்தில் காவல் இருப்பான் அவள் சிநேகிதன், பொறையான் என்ற ஆமை.

வாத்துகள் சும்மா இருக்குமா? அவற்றின் முதுகில்தான் தண்ணீர் ஒட்டாதே.

"மையா வீட்டுல துவைச்ச துணி காயுதுடி" என்று சிரிக்கும்.

மையாள் குன்றிப்போவாள். "நனைஞ்சா என்ன மையா, காஞ்சிடும்" என்பான் பொறையான். தினமும் அதையேதான் சொல்வான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கரையிலிருந்த மந்திரவாதியிடம் போனாள். அவன் சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்தான்.

"கழுத்துல ஒரு சொட்டு, மார்புல ஒரு சொட்டு, வயித்துல ஒரு சொட்டு. அப்புறம் தண்ணி உன்னைத் தொடாது. ஆனா இந்த எண்ணெய் கழுவினாப் போகாது, அந்த இறகோடதான் போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். பொறையானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இறகு பளபளத்தது. வாத்துக் கூட்டத்தில் இடமும் கிடைத்தது. ஆனால் முங்கப் போனால் தண்ணீர் அவளைத் தக்கைபோல மேலே தள்ளியது. மீன் போயிற்று. பாசியைக் கொறித்து அரை வயிற்றோடு திரிந்தாள். முதல் நாள் பொறையான் மரத்தில் காத்திருந்தான். இரண்டாம் நாளும் காத்திருந்தான். மூன்றாம் நாள் அவளருகே நீந்தி வந்து, "எளைச்சிட்டியே மையா" என்றான். வாத்துகள் பார்க்கின்றனவே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மறுநாள் காலை மீன்கொத்தி ஒன்று பதறிக்கொண்டு வந்தது.

"பொறையான் மீன் புடிக்கிற மூங்கில் பறிக்குள்ள மாட்டிக்கிட்டான். அடியில கெடக்கான், மூச்சு முட்டுது. உனக்கு அயிரை எடுக்கத்தான் போனான்."

மையாள் முங்கினாள். தண்ணீர் தள்ளிவிட்டது. மறுபடி முங்கினாள். தள்ளிவிட்டது. மூன்றாவது தடவையும் அப்படியே. வாத்துகளைப் பார்த்தாள்.

"எங்களுக்கு அவ்வளவு ஆழம் போகத் தெரியாதே" என்றன. அது பொய்யில்லை.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. கழுத்து இறகைப் பிடுங்கினாள். மார்பு இறகைப் பிடுங்கினாள். வயிற்று இறகையும் பிடுங்கினாள். ரத்தம் தண்ணீரில் கலந்தது. மந்திரம் விட்டுப்போனது. சிறகெல்லாம் சொதசொதவென்று நனைய, குளிரில் நடுங்கிக்கொண்டே அடிமண் வரை போனாள். கொக்கி மூக்கால் பறியின் கட்டைக் கடித்து அறுத்தாள்.

பொறையான் பிழைத்தான். மூங்கிலில் நசுங்கிய வலது முன்னங்கால் மட்டும் பிழைக்கவில்லை.

"என்னாலதானே" என்று அழுதாள் மையாள்.

"வந்துட்டியே, அது போதும்" என்றான் அவன்.

அவளுக்குப் போதவில்லை. கடைசிவரை போதவில்லை.

நாளாக நாளாகப் புது இறகு முளைத்தது, பழையபடி நனைகிற இறகு. அயிரையும் கிடைத்தது. ஆனால் பொறையானால் இனி மரம் ஏற முடியாது. அதனால் மையாளும் ஏறவில்லை. வாத்துகள் போய்வரும் கரையிலேயே, அவன் பக்கத்தில் சிறகை விரித்து நின்றாள்.

"இங்கயா காயப்போடற? எல்லாரும் பார்ப்பாங்களே" என்றது ஒரு வாத்து.

"பார்க்கட்டும். நனைஞ்சா என்ன, காஞ்சிடும்" என்றாள் மையாள்.

அவள் சிறகின் நிழலில் படுத்திருந்த பொறையான் கழுத்தை நீட்டி, பருந்து வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.